டோக்கன் எடுக்காத வண்டி

அல் கோபாரில் ஓர் அமெரிக்கக் கார் கம்பெனியின் ஏஜென்சி ஒர்க்‌ஷாப்பில் பதினோரு வருடம் சர்வீஸ் அட்வைசராக உட்கார்ந்திருந்தேன். வேலை பார்த்தேன் என்பதைவிட உட்கார்ந்திருந்தேன் என்பதுதான் சரி. வண்டிக்கு அடியில் படுத்தவர்கள் வேறு ஆட்கள். என்னுடையது வாயால் செய்கிற வேலை. காலையில் வண்டியோடு வருகிறவர் வாசலில் இருக்கும் மெஷினில் டோக்கன் எடுப்பார். நம்பர் வந்ததும் என் எதிரே உட்கார்ந்து குறையைச் சொல்வார். நான் அதைக் கம்ப்யூட்டரில் அடித்து ஜாப் கார்டு எடுத்துக் கையெழுத்து வாங்குவேன். மாலையில் அவர் திரும்பி வரும்போது, உள்ளே மெக்கானிக் சொன்னதை அவருக்குப் புரிகிற மாதிரியும் கோபம் வராத மாதிரியும் சொல்ல வேண்டும். புரிய வைப்பது சுலபம். கோபம் வராமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அதற்கென்று எங்களுக்கு ஒரு வாக்கியம் கொடுத்திருந்தார்கள். வண்டி வடிவமைத்தபடியே இயங்குகிறது. குறையைக் கண்டுபிடிக்க முடியாதபோது கார்டின் கடைசி வரியில் இதை அடிக்க வேண்டும். குறையைக் கண்டுபிடித்த பிறகும், அதற்குக் கம்பெனியிடம் வைத்தியம் இல்லையென்றால் இதையேதான் அடிக்க வேண்டும். சவுதிக்காரரிடம் அரபியில் சொன்னேன், பாகிஸ்தானியிடம் இந்தியில், பிலிப்பினோவிடம் ஆங்கிலத்தில், கேரளத்துக்காரரிடம் அவர்கள் சிரிக்கிற என் மலையாளத்தில். நாலைந்து மொழியில் ஒரே பொய்யைச் சொல்லத் தெரிந்தவனை இங்கே திறமைசாலி என்பார்கள். எனக்கு இரண்டு முறை அதற்காகக் கேடயம்கூடக் கொடுத்தார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான்கு நாள் ட்ரெய்னிங்குக்குத் துபாய்க்கு அனுப்பினார்கள். ஹோட்டல் ஹாலில் திரைச்சீலைகளை இழுத்து மூடிவிட்டுக் கம்பெனியின் வரலாற்றைப் படமாகப் போட்டார்கள். பனி கொட்டும் ஏதோ ஒரு ஊரில் ஒரு தகரக் கொட்டகை. தொப்பி போட்ட நாலு பேர் ஒரு என்ஜினைச் சுற்றி நிற்கிறார்கள். அப்புறம் புகைபோக்கி வைத்த பெரிய தொழிற்சாலை, யுத்தத்துக்குப் போன லாரிகள், யுத்தம் முடிந்ததும் படகு நீளத்தில் கார்கள். அப்பா ஓட்ட, அம்மா சிரிக்க, பின் சீட்டில் இரண்டு பிள்ளைகளும் ஒரு நாயும். அந்த நீளக் கார் வளைவில் திரும்பியதும் படத்தில் ரோபோக்கள் வெல்டிங் பண்ணிக்கொண்டிருந்தன. இடையில் எத்தனையோ வருடங்களைக் காணோம். எனக்கு அப்போது அது உறுத்தவில்லை. சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

காணாமல்போன அந்த வருடங்களை எனக்குச் சொன்னவர்கள் எங்கள் கஸ்டமர்கள்தான். ஒரு சவுதிப் பெரியவர் வருவார். அவருடைய அப்பா எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய நீள வண்டி இன்னும் அவர் வீட்டு நிழலில் நிற்கிறதாம், சாவி போட்டால் இன்றைக்கும் கிளம்புமாம். அந்த நம்பிக்கையில் அவர் தம்பிமார்கள் வாங்கினார்கள், மச்சான்மார்கள் வாங்கினார்கள், அவரும் வாங்கினார். கதவு ரப்பர் உருகியது, டேஷ்போர்டு வெடித்தது, கண்ணாடி ஏற்றுகிற மோட்டார் எரிந்தது. ஜப்பான்காரன் வந்து தெருவில் பாதியைப் பிடித்துக்கொண்டான். தம்பிமார்கள் மாறிவிட்டார்கள். இவர் மாறவில்லை. ஐந்தாவது முறையாக வந்த அன்று அவர் சத்தம் போடாமல்தான் கேட்டார். என் அப்பாவை ஏமாற்றாதவர்கள் என்னை ஏன் ஏமாற்றுகிறார்கள் என்று கேட்டார். நான் என் வாக்கியத்தைச் சொன்னேன். அவர் கார்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். 

ஆனாலும் எனக்கு அந்தக் கம்பெனி மேல் ஒரு பாசம் இருந்தது, அதை மறைக்கப் போவதில்லை. ரியாத்தில் பத்தா பக்கம் ஒரு ரூமில் எட்டுப் பேரோடு தங்கிக்கொண்டு, அந்தக் கம்பெனியின் யார்டில் வண்டி கழுவுகிற வேலையில்தான் நான் இந்த நாட்டுக்கு வந்தேன். கழுவி முடித்ததும் வண்டியை நிழலுக்கு மாற்றிவிட வேண்டும். அந்த இரண்டு நிமிடம் ஏசி போட்டுக்கொள்வேன். ஜூலை மாத வெயிலில் நின்றவனுக்கு அந்தக் காற்று முகத்தில் அடித்தபோது, இதைச் செய்தவன் மனுஷனே இல்லை, தெய்வம் என்று தோன்றியது. இத்தனை வருடத்தில் அந்தக் கம்பெனியின் ஏசியை மட்டும் யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. மற்றதையெல்லாம் சொன்னார்கள்.

என் நண்பர் அந்த வண்டியை வாங்கியதற்குக் காரணம் நான்தான். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், பைப்லைன் காண்ட்ராக்ட் ஆபீஸ் ஒன்றில் டிராஃப்ட்ஸ்மேன். அல் கோபாரில் நாங்கள் மூன்றாவது மாடியில் இருந்தோம், அவரும் மனைவியும் மகளும் இரண்டாவது மாடியில். மனைவி தம்மாமில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். என் மகளும் அவர் மகளும் ஒரே ஸ்கூல் பஸ்ஸில் ஏறி, ஆங்கிலத்தில் சண்டை போட்டு, ஆங்கிலத்திலேயே சமாதானமாகிற வயது. என்னைவிட ஏழெட்டு வயது இளையவர் என்பதால் அண்ணை என்று கூப்பிடுவார். எல்லோரையும் போல ஜப்பான் வண்டி வாங்கத்தான் அவரும் இருந்தார். நான்தான் விடவில்லை. ஊர் முழுக்க அந்த வெள்ளை வண்டிதான் நிற்கிறது, பார்க்கிங்கில் உங்களுடையதை மோப்பம் பிடித்தா கண்டுபிடிப்பீர்கள் என்று கேலி செய்தேன். நான் உள்ளே இருக்கும்போது உங்களுக்கு என்ன கவலை என்றும் சொன்னேன். முதலில் சொன்னதை மறந்திருப்பார். இரண்டாவதை அவர் மறக்கவில்லை.

முதல் வருடம் முடிவதற்குள் ஒரு நாள் லிஃப்ட்டில் சொன்னார்.

"அண்ணை, எழுபதில போகேக்க ஒரு நடுக்கம் வருது. நீங்கள் ஒருக்கா ஓடிப் பாருங்கோ."

அவர்கள் ஊரில் ஓடுவதென்றால் ஓட்டுவது. அந்த நடுக்கம் என்ன என்று கேட்ட மாத்திரத்தில் எனக்குத் தெரியும். அந்த மாடலில் கியர்பாக்ஸ் நடுங்கும். சீரான ரோட்டில் எழுபதில் போகும்போது, வண்டி திடீரென்று ஜல்லி பரப்பின ரோட்டில் ஏறிவிட்ட மாதிரி பத்து நொடி அதிரும், பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி போகும். அதற்குள் இருபது முப்பது கார்டாவது என் கையால் எழுதியிருப்பேன். ஒரு சவுதி வாத்தியார் டேஷ்போர்டில் டீ கிளாஸை வைத்து, நடுக்கத்தில் டீ சிந்துவதைப் போனில் படமெடுத்துக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். அவருக்கு நான் என் வாக்கியத்தைச் சொன்னேன். பத்து நாளில் திரும்ப வந்தார், திரும்ப டீ, திரும்ப வாக்கியம். அந்த வாத்தியாரைக் கண்டாலே எங்களுக்கு ஆகாது. அவர் டோக்கன் எடுப்பதைப் பார்த்ததும் பக்கத்துக் கவுண்டர் பாகிஸ்தானி, எனக்கு வேண்டாம் பாய், உனக்கு வரட்டும் என்று முணுமுணுப்பார்.

நண்பருக்கு நான் வாக்கியத்தைச் சொல்லவில்லை. அவர் நம் ஆள் அல்லவா. "அதுக்கு எதுக்கு தம்பி ஒர்க்‌ஷாப்புக்கு அலையிறீங்க, வெள்ளிக்கிழமை நானே பாத்துருவேன்" என்றேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்த ஊருக்கு வந்த நம்மவர்களுக்கு உள்ளே ஓர் ஆள் இருப்பதுதான் பெரிய சொத்து. ஆஸ்பத்திரியில் நம் ஆள் இருந்தால் வரிசையில் நிற்க மாட்டோம். பாங்கில் நம் ஆள் இருந்தால் ஃபாரத்தை அவரிடம் நீட்டுவோம். உள்ளே ஆளை வைத்துக்கொண்டு டோக்கன் எடுத்தால் அந்த ஆளை அவமதித்த மாதிரி. உள்ளே இருக்கிறவனுக்கும் அப்படித்தான். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் டோக்கனோடு என் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தால், என்ன சார், நாம என்ன யாரோவா என்று நானே கோபித்துக்கொண்டிருப்பேன். இந்தப் பழக்கம் அரபிகளிடம் இல்லாமல் இல்லை, ஆனால் அவர்கள் ஆளையும் பிடிப்பார்கள், பேப்பரையும் எடுப்பார்கள். நாம் ஆளைப் பிடித்ததோடு நிறுத்திக்கொள்வோம்.

என் தரப்பில் இன்னொரு காரணமும் இருந்தது. முப்பது நாளுக்குள் அதே புகாரோடு ஒரு வண்டி திரும்பி வந்தால் அது அட்வைசரின் பெயரில் ஒரு சிவப்புப் புள்ளி. மேனேஜர் அறைச் சுவரில் எங்கள் பெயர்களும் அவரவர் புள்ளிகளும் தொங்கும். அந்த வாத்தியாரால் எனக்கு ஏற்கெனவே அம்மை போட்ட மாதிரி இருந்தது. நண்பரின் வண்டியும் கார்டில் ஏறினால் இன்னும் நாலு புள்ளி. ஆக, வெள்ளிக்கிழமை பார்க்கிறேன் என்று சொன்னதில் பாதி நட்பு, பாதி அந்தச் சுவர். அப்போது முழுக்க நட்பு என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் இரண்டு பேரும் ஹாஃப் மூன் கடற்கரை ரோட்டில் போனோம். நான் ஓட்டினேன். எழுபதில் நடுங்கியது. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் டாக்டர் மாதிரி தலையை ஆட்டி, "ஒண்ணும் இல்ல தம்பி, அடுத்த ஆயில் மாத்தும்போது சரியாயிடும்" என்றேன். வீடு திரும்பியதும் அவர் மனைவி தேத்தண்ணியும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தார். அண்ணை பார்த்தால் போதும், எங்களுக்குக் கவலை இல்லை என்று அவர் சொன்னது நினைவிருக்கிறது. முறுக்கு நன்றாக இருந்ததும் நினைவிருக்கிறது. வாரண்டி முடிவதற்குள் இப்படி மூன்று வெள்ளிக்கிழமைகள் போனோம். மூன்று முறையும் தேத்தண்ணி குடித்தேன்.

வாரண்டி முடிந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஆகஸ்ட் மாதம், ஒரு வியாழக்கிழமை பிற்பகல். சவுதியில் கோயில் கிடையாது என்பதால் இங்குள்ளவர்கள் கடல் பாலத்தைக் கடந்து பஹ்ரைனுக்குத்தான் சாமி கும்பிடப் போவார்கள். மகளுக்குப் பிறந்தநாள் என்று குடும்பத்தோடு கிளம்பியிருந்தார்கள். பாலத்தின் நடுவில் வண்டி நடுங்கியது, நடுக்கம் நிற்கவில்லை, ஒரு சத்தம் வந்தது, அப்புறம் ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் நகரவில்லை. என்ஜின் ஓடியது, ஏசி ஓடியது, வண்டிதான் ஓடவில்லை. பக்கத்தில் லாரிகள் போகிற வேகத்தில் கார் ஆடுகிறது என்று போனில் சொன்னார். பின்னால் குழந்தை அழுவது கேட்டது. அவர் குரலில் பயம் இருந்தது, ஆனால் என் மேல் ஒரு வருத்தமும் இல்லை. நீங்கள் இருக்கிறபடியால் எங்களுக்கு ஒரு தைரியம் என்றார். ரெக்கவரி லாரியை நான்தான் அனுப்பினேன். வண்டி எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது.

கியர்பாக்ஸ் போய்விட்டது. உள்ளே இருந்த ஆயிலில் இரும்புத்தூள் மின்னியது. அதே சமயத்தில், புகார்கள் பெருகிப் போய், கம்பெனி ஒரு சர்குலர் அனுப்பியிருந்தது. வாரண்டி முடிந்திருந்தாலும் பரவாயில்லை, வாரண்டிக் காலத்துக்குள் நடுக்கம் என்று பதிவாகியிருந்தால் புது கியர்பாக்ஸ் போட்டுக் கொடுக்கலாம். டீ கிளாஸ் வாத்தியாருக்கு ஏழு கார்டு இருந்தது. அவருக்குப் புது கியர்பாக்ஸ் போட்டோம். சாவியைக் கொடுத்தபோது அவர் எங்கள் எல்லோருக்கும் ஒரு பெட்டி பேரீச்சம்பழம் கொண்டுவந்திருந்தார், அதுவும் என்னைக் குத்தத்தான் என்று எனக்குத் தோன்றியது.

நண்பரின் வண்டி நம்பரைப் போட்டு ஹிஸ்டரியைத் திறந்தேன். ஆயில் மாற்றியது, ஆயில் மாற்றியது, ஒரு முறை வைப்பர், ஒரு முறை டயர், ஆயில் மாற்றியது. அவ்வளவுதான். கம்ப்யூட்டர் சொல்கிறபடி அந்த வண்டி ஒரு நாளும் நடுங்கியதே இல்லை. கத்தியவனுக்கும் படமெடுத்தவனுக்கும் என்னை நம்பாதவனுக்கும் கம்பெனி நியாயம் செய்துவிட்டது. என்னை நம்பியவருக்கு ஒரு வரிகூட இல்லை. துபாயில் அந்தப் படத்தில் காணாமல்போன வருடங்கள் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தன. எழுதப்படாதது நடக்காதது என்று ஆக்குகிற வேலையில் நானும் ஓர் ஆளாக இருந்திருக்கிறேன்.

உடனே போய் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது அது இல்லை. பதிவு எதுவும் இல்லாமலே ஒரு விண்ணப்பம் அனுப்பினேன், இரண்டு நாளில் நிராகரித்துவிட்டார்கள். இரண்டாவது மாடிக்குப் போய், கம்பெனி மாட்டேன் என்கிறது தம்பி, அவர்கள் புத்தியே இப்படித்தான் என்று கம்பெனியைத் திட்டினேன். நன்றாகவே திட்டினேன், பதினோரு வருடச் சரக்கு இருந்தது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

வண்டி எங்கள் பின் யார்டில் நின்றது. அவர் ஆபீஸ் வேனில் வேலைக்குப் போனார். அவர் மனைவி தினமும் தம்மாமுக்கு டாக்ஸி பிடித்தார், ஷிஃப்ட் முடிந்து வர அவருக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்த நாட்களில் ஒரு முறை மாடிப்படியில் யூனிஃபார்மோடு எதிரே வந்தவர் என்னை நிறுத்தினார்.

"அண்ணை, மூண்டு தரம் உங்களிட்டச் சொன்னனாங்கள்தானே. அது எங்கையாவது எழுதிக் கிடக்கோ?"

அவர் குற்றம் சாட்டவில்லை, தகவல் கேட்டார். கிளினிக்கில் எதையும் சார்ட்டில் எழுதிப் பழகியவர், அதனால் அப்படிக் கேட்கத் தோன்றியிருக்கிறது. "இருக்கும்மா, பாக்குறேன்" என்றேன். இல்லை என்று தெரிந்துகொண்டே சொன்னேன்.

மறுநாள் மேனேஜரிடம் போனேன். அவர் ஜோர்டான்காரர், சுற்றி வளைக்கத் தெரியாதவர். வாரண்டிக்குள் புகார் உன்னிடம் வாயால் சொல்லப்பட்டதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியானால் எழுதிக் கையெழுத்துப் போடு, நான் அனுப்புகிறேன், கிடைத்துவிடும் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கஸ்டமர் வண்டியைக் கார்டு இல்லாமல் ஓட்டியதையும் அதே பேப்பரில் எழுத வேண்டியிருக்கும் என்றார். கார்டு இல்லாமல் ஓட்டினால் இன்ஷூரன்ஸ் கிடையாது. அதற்கு வேலையை விட்டு அனுப்பலாம் என்று நாங்கள் சேரும்போதே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். இந்த ஊரில் வேலை போனால் விசா போகும், விசா போனால் வீடு போகும், மகளின் படிப்பு பாதியில் நிற்கும். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

மூன்று வாரம் யோசித்தேன். யோசித்தேன் என்றால் தள்ளிப்போட்டேன். வழக்கமாகப் பின் கேட் வழியாக வருகிறவன், அந்த வண்டியைப் பார்க்க வேண்டாம் என்று முன் கேட் வழியாக வர ஆரம்பித்தேன். என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகளில் இரண்டாவது மாடிக்குப் போகாமல் இருக்கக் காரணங்கள் தேடினேன், தலைவலி என்றேன், தூக்கம் என்றேன். கோழை என்று என்னை நானே திட்டிக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது, திட்டி முடித்ததும் வேலை முடிந்த மாதிரி இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். அயர்ன் பண்ணின ஆபீஸ் சட்டை, கையில் ஒரு ஃபைல். நான் கவுண்டரிலிருந்து கையைத் தூக்கினேன், இங்கே வாருங்கள் என்ற மாதிரி. அவர் பார்த்தார், தலையை அசைத்தார், நேரே மெஷினிடம் போய் டோக்கன் எடுத்தார்.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. டிவிக்குக் கீழே வரிசை நாற்காலியில், ஒரு எகிப்துக்காரருக்கும் ஒரு பிலிப்பினோ குடும்பத்துக்கும் நடுவில் உட்கார்ந்தார். டிவியில் கம்பெனியின் புது மாடல் ஏதோ மணல்மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார். அவர் நம்பர் என் கவுண்டருக்கு வர வேண்டும் என்றும் வந்துவிடக் கூடாது என்றும் மாறி மாறி நினைத்தேன். பக்கத்துக் கவுண்டருக்கு வந்தது, அந்தப் பாகிஸ்தானியிடம். எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது ஒரு கண்ணாடித் தடுப்புதான், அதுவும் தோள் உயரம்.

ஆங்கிலத்தில் பேசினார். நடுக்கம் எந்த வேகத்தில் வந்தது, எத்தனை நொடி இருந்தது, எப்படி நின்றது, எல்லாவற்றையும் டிராயிங் போடுகிற மனுஷனுக்கே உரிய ஒழுங்கோடு சொன்னார். முதலில் எப்போது கவனித்தீர்கள் என்று பாகிஸ்தானி கேட்டார். நண்பர் ஃபைலைத் திறந்து மூன்று தேதிகளைப் படித்தார். எனக்குத் தெரியும், மூன்றும் வெள்ளிக்கிழமை. வீட்டில் எங்கேயோ குறித்து வைத்திருக்கிறார்கள், அநேகமாக அவர் மனைவியாகத்தான் இருக்கும். சரி, அப்போது யாரிடம் சொன்னீர்கள் என்று அடுத்த கேள்வி வந்தது.

அவர் கையை நீட்டினால் என் தோளில் படும். நான் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரிடமும் முறையாகச் சொல்லவில்லை, அது என்னுடைய பிழை என்றார் அவர்.

என் வேலைக்கு ஆபத்து வரும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கார்டு இல்லாமல் வண்டி ஓட்டக் கூடாது என்ற விதி அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. என்னைக் காட்டிக்கொடுப்பதைப் போல ஆகிவிடும் என்று மட்டும் நினைத்திருக்கிறார். மூன்று வாரமாக நான் ஒளிந்து திரிந்தது இந்த மனுஷனிடமிருந்து.  வெட்கம் என்றால் என்ன என்று ஐம்பது வயதில் அந்த நாற்காலியில்தான் தெரிந்துகொண்டேன்.

நான் எழுந்து தடுப்பின் மேல் கையை வைத்தேன்.

"மேரா நாம் லிக்கோ பாய்," என்றேன். என் பெயரை எழுது.

பாகிஸ்தானிக்குப் புரியவில்லை. திரும்பச் சொன்னேன், மூன்று தரமும் என்னிடம்தான் சொன்னார், வண்டியை நான்தான் ஓட்டிப் பார்த்தேன், நடுக்கம் இருந்தது, நான் கார்டு எடுக்கவில்லை, எல்லாவற்றையும் எழுது. அவர் என்னையும் நண்பரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யோசித்துத்தான் சொல்கிறாயா என்று கேட்டார். யோசித்தது போதும் என்றேன். அவர் அடிக்க ஆரம்பித்தார். அந்த வண்டியின் ஹிஸ்டரியில் நடுக்கம் என்ற வார்த்தை முதல் முறையாக ஏறியது. நண்பர் என் பக்கம் திரும்பவே இல்லை, ஃபைலின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார், கட்டி முடிக்க வெகுநேரம் ஆனது.

வேலை போகவில்லை. ஜோர்டான்காரர் எனக்காக யாரிடமோ பேசியிருக்க வேண்டும், கேட்டால் இல்லை என்பார். ஒரு வார்னிங் லெட்டர் கொடுத்து, கவுண்டரிலிருந்து தூக்கி ஸ்பேர் பார்ட்ஸ் ஸ்டோருக்கு மாற்றினார்கள். அங்கே யாருக்கும் எந்த வாக்கியமும் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியில் இருக்கிற நம்பரும் லிஸ்ட்டில் இருக்கிற நம்பரும் ஒன்றாக இருந்தால் போதும். ஒரு மாதத்துக்குள் கியர்பாக்ஸ் வந்தது. பெட்டியில் நண்பரின் வண்டி நம்பரைப் பார்த்து ஸ்டோரிலிருந்து அதை வெளியே தள்ளிக்கொண்டு போனவன் நான்தான்.

வண்டி கைக்கு வந்த அன்று மாலை கணவனும் மனைவியும் மேலே வந்தார்கள், ஒரு தட்டில் அவர்கள் ஊர்ப் பலகாரமான பயத்தம் பணியாரத்தோடு. நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். மூன்று வாரம் தள்ளிப்போட்டதையும், மாடிப்படியில் பொய் சொன்னதையும், சுவரில் இருந்த சிவப்புப் புள்ளிகளையும் சேர்த்துச் சொன்னேன். நண்பர் கத்துவார், கத்தட்டும் என்று இருந்தேன். அவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"காணும் அண்ணை, விடுங்கோ. பிள்ளையள் கேட்டுக்கொண்டு நிக்குதுகள்."

அதோடு முடிந்தது. அதற்குப் பிறகும் எல்லாம் பழையபடியே நடந்தது. பிள்ளைகள் ஒரே பஸ்ஸில் போனார்கள். வெள்ளிக்கிழமை சாப்பாடு அவர்கள் வீட்டில் அல்லது எங்கள் வீட்டில். எனக்கு ஊரில் ஆபரேஷன் என்று போனபோது என் வீட்டைப் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள்தான். ஒரு குறையும் இல்லை.

சில மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை, கீழே பார்க்கிங்கில் நான் காய்கறிப் பைகளோடு நின்றேன். அவர் வண்டி சரிவில் இறங்கி வந்தது. பிரேக் பிடித்தபோது முன் சக்கரத்தில் கீச்சென்று ஒரு சத்தம். இத்தனை வருடப் பழக்கம், காது தானாக அங்கே போய்விடும். அவர் இறங்கியதும் சொன்னேன்.

"தம்பி, முன்னால பிரேக் பேட் தேஞ்சிருக்கு. நாளைக்கு வெள்ளிக்கிழமைதான, கொண்டு வாங்க, நானே பாத்துருவேன்."

அவர் சிரித்தார். உள்ளபடியே பிரியமான சிரிப்பு, அதில் ஒரு துளி விஷம் இல்லை.

"வேண்டாம் அண்ணை. நான் ஞாயிற்றுக்கிழமை டோக்கன் எடுத்துக்கொண்டு வாறன்."

சொல்லிவிட்டு, கனமான பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, எனக்காக லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.